ஒயின் கேள்வி–பதில்: ஒரே திராட்சை, வெவ்வேறு மண்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வெவ்வேறு நாட்டு ஒயின்களை வீட்டிலேயே ஒப்பிட்டுச் சுவைக்க ஆசைப்படுகிறோம். எத்தனை பாட்டில் வாங்குவது? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூன்று பாட்டில் போதும். நான்கைத் தாண்ட வேண்டாம். ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் ஆறு பேருக்கு 300 மி.லி. ஆகும். 750 மி.லி. பாட்டிலில் மீதி 450 மி.லி. இருக்கும். அந்த மீதி அவசியம் வேண்டும். முதல் சுற்றில் தோன்றியது சரிதானா என்று இரண்டாம் சுற்றில்தான் தெரியவரும்.

தேர்வில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிரான்சிலிருந்து ஒரு சிவப்பு, இத்தாலியிலிருந்து ஒரு வெள்ளை, ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு சிவப்பு என்று வாங்கி வைப்பார்கள். மூன்றும் வேறு வேறாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேறுபாடு திராட்சை ரகத்தால் வந்ததா, ஊரால் வந்ததா, செய்முறையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரை ஒப்பிட வேண்டுமென்றால் ஊர் மட்டுமே மாற வேண்டும். ரகம், அறுவடை ஆண்டு, விலைத் தரம், ஓக் பீப்பாயில் வைத்ததா இல்லையா ஆகியவை இயன்ற அளவுக்கு ஒன்றாக இருக்கட்டும்.

முதல் முறைக்கு நாங்கள் சொல்வது சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ரகம். பிரான்சின் சான்செர், நியூசிலாந்தின் மார்ல்பரோ, சிலியின் காசாபிளாங்கா பள்ளத்தாக்கு என்று மூன்று. இந்த ஊர்களில் இந்த ரகத்தைப் பெரும்பாலும் பீப்பாயில் வைக்காமலே பாட்டிலில் அடைப்பதால் ஊரின் குணம் மறைவில்லாமல் தெரியும். மார்ல்பரோ கிளாஸை மூக்கருகே கொண்டுவரும் முன்பே பேஷன் ஃப்ரூட் மணமும் பச்சைக் குடைமிளகாய் வாசமும் வந்துவிடும். சான்செர் அப்படிப் பாய்ந்து வராது. எலுமிச்சைத் தோல் போன்ற அடக்கமான மணமும் கூரிய புளிப்பும்தான் அதன் அடையாளம்.

சிவப்பில் சிரா ரகம் நல்ல தொடக்கம். பிரான்சின் வடக்கு ரோன் பகுதியிலுள்ள க்ரோஸ் எர்மிடாஜ் ஒன்று, ஆஸ்திரேலியாவின் பரோசா ஒன்று. ஆஸ்திரேலியாவில் இதே ரகத்துக்கு ஷிராஸ் என்று பெயர். மால்பெக் ரகமென்றால் பிரான்சின் கவோர், அர்ஜென்டினாவின் மென்டோசா. கவோர் என்று பெயரிட 70% மால்பெக் இருந்தால் போதும், மீதி மெர்லோவோ தன்னாவோ இருக்கலாம். முழுவதும் மால்பெக் உள்ள பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தென் அரைக்கோளத்தில் அறுவடை பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நடக்கும். வடக்கே ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஆகவே லேபிளில் ஒரே ஆண்டு இருந்தாலும் தென்பகுதி ஒயின் ஏறக்குறைய ஆறு மாதம் மூத்தது. இளமையிலேயே குடிக்கும் வெள்ளை ஒயினில் அந்த ஆறு மாதம் நாவுக்குத் தெரியலாம்.

கேள்வி: ஒரே ரகம் ஏன் ஊருக்கு ஊர் இவ்வளவு மாறுகிறது? சுண்ணாம்பு மண்ணின் சுவை, கருங்கல்லின் சுவை என்றெல்லாம் எழுதுகிறார்களே, மண் உண்மையிலேயே ஒயினில் இறங்குகிறதா?

பதில்: பாறையின் சுவை வேர் வழியாக ஏறி கிளாஸுக்கு வருவதில்லை. வேர் எடுத்துக்கொள்வது நீரையும் அதில் கரைந்த அயனிகளையும்தான். அவை பழத்துக்கு வந்து சேரும் அளவு மிகக் குறைவு. பாறைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மணமோ சுவையோ கிடையாது. ஈரக்கல் வாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் உயர்ந்த புளிப்பும், பழ மணம் குறைவாக இருப்பதும், நொதித்தலில் உண்டான சில கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து தரும் உணர்வு.

மண்ணுக்கு வேலையே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வடிய விடுகிறது, பகல் சூட்டை இரவில் திருப்பித் தருகிறதா என்பதில்தான் மண்ணின் பங்கு. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அவ்வளவு குளிர்ந்த இடத்தில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை பழுக்கிறதென்றால் காரணம், தெற்குப் பார்த்த செங்குத்தான சரிவுகளும் சூட்டைப் பிடித்து வைக்கும் ஸ்லேட் கற்களும்தான்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது வெப்பம். பழம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் வெப்பத்தில் வேகமாகக் குறையும். ஆகவே குளிர் வட்டாரத்து ஒயினில் புளிப்பு கூடுதல், ஆல்கஹால் குறைவு. வெப்ப வட்டாரத்தில் நேர்மாறு. வடக்கு ரோன் சிரா பெரும்பாலும் 12.5 முதல் 13.5% வரை நிற்கும், பரோசா 14 அல்லது 14.5%க்குப் போகும். மென்டோசா வெயில் மிகுந்த இடம்தான். ஆனால் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றிவிடுகிறது. காசாபிளாங்காவில் அதே வேலையைப் பசிபிக் கடலிலிருந்து வரும் காலைப் பனிமூட்டம் செய்கிறது.

ஓக் பீப்பாய் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்க ஓக் தேங்காய், வனிலா மணம் தரும். பிரெஞ்சு ஓக் அதைவிட அடக்கமானது. வெள்ளை ஒயினில் வரும் வெண்ணெய் மணமும் ஊரின் மணம் அல்ல. மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் டையசெட்டில்தான் அது. ஷார்டனே ரகத்தில் செய்து பீப்பாயில் வைக்காத பிரான்சின் ஷாப்ளியையும் பீப்பாயில் வைத்த கலிபோர்னியா ஷார்டனேயையும் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு ஊருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வியப்பவர்கள் பலர். அவர்கள் அங்கே ஒப்பிட்டது பெரும்பாலும் இரண்டு செய்முறைகளைத்தான்.

கேள்வி: சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிக் குடித்தால் எங்களுக்கு மூக்கு எரிகிறது.

பதில்: மூக்கு எரிவது ஆல்கஹால் ஆவியால். அந்த அறிவுரை குளிர்ந்த கல் வீடுகளின் காலத்தது. 28 டிகிரி அறைக்கு அது பொருந்தாது. கனமான சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், மென்மையான சிவப்புக்கு 12 முதல் 14, கனமான வெள்ளைக்கு 10 முதல் 13, மெல்லிய வெள்ளைக்கு 8 முதல் 10, நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8.

சூடு கூடினால் ஆல்கஹாலும் இனிப்பும் தூக்கலாகத் தெரியும். குளிர் கூடினால் மணம் அடங்கிப்போய்ப் புளிப்பும் துவர்ப்பும் முன்னுக்கு வரும். ஒரே ஒயினை 10 டிகிரியிலும் 20 டிகிரியிலும் கொடுத்தால் இரண்டு ஒயின் என்றே நம்பிவிடுவீர்கள். அதனால் ஒப்பிடும் பாட்டில்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருந்தாக வேண்டும். ஒன்று ஃபிரிட்ஜ் கதவிலும் மற்றொன்று உள் தட்டிலும் இருந்தால்கூட வித்தியாசம் வந்துவிடும்.

வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் பாட்டில்களைக் கழுத்து வரை முக்கினால் 25 டிகிரி வெள்ளை ஒயின் உத்தேசமாக 15–20 நிமிடத்தில் 10 டிகிரிக்கு வரும். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும் என்பதால் அதற்கு அதிக நேரமாகும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. இலக்கைவிட இரண்டு டிகிரி குறைவாகவே ஊற்றுங்கள், கிளாஸில் அது தானாக ஏறிவிடும்.

கேள்வி: ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனி கிளாஸ் வாங்க வேண்டுமா?

பதில்: ஒப்பிடுவதற்கு அது கூடாது. எல்லா ஒயினுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம். அடி அகன்று வாய் குறுகியிருந்தால் மணம் உள்ளே தங்கும். சுவைப்பதற்கென்றே சர்வதேசத் தர அமைப்பு 1977-இல் வகுத்த ஐஎஸ்ஓ 3591 கிளாஸ் 215 மி.லி. கொள்ளும், அதில் 50 மி.லி. ஊற்ற வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒரே மாதிரியான எந்த டியூலிப் வடிவ கிளாஸும் சரிதான்.

ஊற்றும் முன் காலி கிளாஸை முகர்ந்து பாருங்கள். அலமாரி மர வாசம், அட்டைப்பெட்டி வாசம், சோப்பு வாசம், ஈரத் துணி வாசம் எல்லாம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். சோப்பில்லாமல் வெந்நீரில் அலசித் துடையுங்கள். பிறகு ஊற்றப்போகும் ஒயினில் ஒரு ஸ்பூன் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பாட்டிலை மூடி வைத்துத்தான் சுவைக்க வேண்டுமா? லேபிளைப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?

பதில்: லேபிளையும் நிறத்தையும் பார்த்தவுடன் மூளை முடிவெடுத்துவிடுகிறது. 2001-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால்தான் அவர்கள் வர்ணித்தார்கள். இதையே படிப்பாகப் படித்தவர்களுக்கு அந்த நிலை.

1976 மே 24-ஆம் தேதி பாரிசில் பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பிரெஞ்சு, கலிபோர்னிய ஒயின்களை வைத்து நடத்திய சுவைப்பும் அப்படித்தான். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், லேபிள் மறைக்கப்பட்டிருந்தது. வெள்ளையில் ஷாட்டோ மொன்டலேனா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸ் என்று இரண்டு முதலிடங்களும் கலிபோர்னியாவின் 1973 அறுவடைக்கே போயின. லேபிள் தெரிந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்கவே வாய்ப்பில்லை.

செய்முறையில் கவனம் வேண்டும். தாளைச் சுற்றினாலும் பாட்டிலின் வடிவம் காட்டிக்கொடுக்கும். உயர்ந்த தோள் போர்டோ, சரிந்த தோள் பர்கண்டி, ஒல்லியாக நெடிது நிற்பது மோசல் அல்லது அல்சாஸ். திருகு மூடியைப் பார்த்தாலே மார்ல்பரோ என்று ஊகித்துவிடுவார்கள். ஆகவே ஒருவர் வேறு அறையில் ஒரே மாதிரியான மூன்று ஜாடிகளில் ஊற்றி அடியில் பெயரை ஒட்டிவிட வேண்டும். அவர் வெளியே வந்ததும் இன்னொருவர் உள்ளே போய் வரிசையை மாற்றி, ஜாடிகளுக்குக் குறியிட வேண்டும். குறியாக 1, 2, 3 வேண்டாம், மனம் முதல் எண்ணுக்குச் சாய்ந்துவிடும். 417, 862 போன்ற எண்கள் நல்லது. ஆளாளுக்குச் சுவைக்கும் வரிசையும் மாறட்டும்.

இரண்டு ஒயினுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்றே சந்தேகம் இருந்தால் மும்மைச் சோதனை செய்து பாருங்கள். மூன்று கிளாஸில் ஆளுக்கு 20 மி.லி., இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றொன்று. தனித்து நிற்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகும். ஆறு பேரில் ஐந்து பேராவது சரியாகச் சொன்னால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. வெறும் ஊகத்தில் அப்படி நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைவிடக் குறைவு. நான்கு பேர் என்றால் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: மூன்றாவது கிளாஸுக்கு மேல் எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. நாக்கு மரத்துப்போகிறதா?

பதில்: மூன்று காரணங்கள். துவர்ப்பு தரும் டானின் எச்சிலிலுள்ள புரதங்களோடு சேர்ந்து படிவதால் வாய் வறள்கிறது. அடுத்தடுத்துக் குடித்தால் அந்த வறட்சி மேலும் மேலும் கூடும். மூன்றாவதாக வரும் சிவப்பு, பாவம், முதல் இரண்டின் துவர்ப்பையும் சுமக்கிறது. ஒவ்வொரு மிடறுக்கும் இடையே ஒன்றிரண்டு நிமிடம் விட்டுத் தண்ணீர் குடித்து, உப்பில்லாத வெறும் ரொட்டித் துண்டு ஒன்றை மெல்லுங்கள். சீஸ் வேண்டாம், அதன் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுப்பி எல்லா ஒயினையும் நல்லதாகக் காட்டிவிடும்.

இரண்டாவது, மூக்கு. ஒரே மணத்தை நீட்டி முகர்ந்தால் அது பழகிப்போய் மங்கிவிடும். இரண்டு மூன்று சிறு மூச்சு எடுத்து நிறுத்துங்கள். நடுவில் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வரும். வாசனைத் திரவியம், ஊதுபத்தி, அடுப்பில் கொதிப்பது எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம்.

மூன்றாவது, போதை. 14% ஒயினில் 50 மி.லி. என்றால் ஏறக்குறைய 5.5 கிராம் ஆல்கஹால். மூன்று ஒயினை இரண்டு சுற்று குடித்தால் 33 கிராம். அந்த அளவில் தீர்ப்பு சொல்லும் திறன் போய்விடும். வாயில் 10–15 மி.லி. எடுத்து, எல்லாப் பக்கமும் சுழற்றி, ஒரு குவளையில் துப்பிவிடுங்கள். தேர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆல்கஹாலில் உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகள், வண்டி ஓட்டப் போகிறவர்கள், ஆல்கஹாலோடு ஒத்துப்போகாத மருந்து எடுப்பவர்கள், சட்டப்படி வயது வராதவர்கள் இதில் சேரவே கூடாது.

வரிசையும் முக்கியம். நுரைப்பது, மெல்லிய வெள்ளை, கனமான வெள்ளை, மெல்லிய சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியாக இனிப்பு. இனிப்புக்குப் பின் வரும் எந்த ஒயினும் புளித்த தண்ணீராகத் தெரியும்.

கேள்வி: மற்றவர்கள் ப்ளாக்பெர்ரி, வயலட், புகையிலை என்று அடுக்குகிறார்கள். எனக்கு ஒயின் வாசம் மட்டுமே வருகிறது. என்னிடம் குறை இருக்கிறதா?

பதில்: இல்லை. நீங்கள் மணத்தில் தொடங்குகிறீர்கள், வாயில் தொடங்குங்கள். புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹால் சூடு, கனம், விழுங்கிய பின் சுவை நிற்கும் நேரம் என்று ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள். விழுங்கிய பிறகு வாயோரம் எச்சில் ஊறினால் புளிப்பு கூடுதல். ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால்.

துவர்ப்பைப் பழக, பால் சேர்க்காத கறுப்புத் தேநீரை 2 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று மூன்று கோப்பையில் ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள். கசப்பும் இழுவையும் ஏறும், இழுவையை மட்டும் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் 1-க்கும் 5-க்கும் உங்களுக்கே ஒரு அளவுகோல் கிடைத்துவிடும்.

மணத்தை இரண்டு கிளாஸையும் மாற்றி மாற்றி முகர்ந்துதான் பிடிக்க முடியும். இது அதைவிடப் புளிப்பான பழமா, கனிந்த பழமா, காய்ச்சிய பழமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர் வட்டாரம் முதலாவதுக்கும் வெப்ப வட்டாரம் கடைசிக்கும் சாயும். பழத்தின் பெயர் பிறகு தானாக வரும். வராவிட்டாலும் குற்றமில்லை. வடக்கு ரோன் சிராவில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் முகரவே முடியாது. பக்கத்தில் இருப்பவர் மிளகு என்கிறார், நீங்கள் இல்லை என்கிறீர்கள் என்றால் இருவரும் உண்மைதான் சொல்கிறீர்கள்.

கேள்வி: ஒரு பாட்டிலில் நனைந்த அட்டை வாசம், இன்னொன்றில் அழுகிய முட்டை வாசம். இதுதான் அந்த ஊரின் குணமா, கெட்டுப்போனதா?

பதில்: இரண்டுமே ஊரின் குணமல்ல. கால் மணி நேரம் கிளாஸில் விட்டு மறுபடி முகருங்கள். முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடால் வருவது, காற்றுப் பட்டால் பெரும்பாலும் குறையும். ஜாடிக்கு ஜாடி நாலைந்து முறை மாற்றி ஊற்றினால் இன்னும் வேகமாகப் போகும். அட்டை வாசம் கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், பழ மணத்தை அமுக்கிவிடும். காற்றுப் பட்டாலும் அது போகாது, இன்னும் தெளிவாகத் தெரியும். உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் அந்தப் பாட்டிலை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கிய இடத்தில் மாற்றிக் கேளுங்கள்.

நகப்பூச்சு நீக்கி வாசம் வந்தால் அதுவும் குறைதான், எத்தில் அசிடேட் என்ற சேர்மம். இளம் வெள்ளை ஒயின் பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் போல மணந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது. அடியில் கண்ணாடித் தூள் போல மின்னுவது டார்டாரிக் அமில உப்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வயதான ரீஸ்லிங்கிலும் வெயில் மிகுந்த ஆஸ்திரேலிய ரீஸ்லிங்கிலும் மண்ணெண்ணெய் வாசம் வரும். அது கெட்டதன் அடையாளமல்ல, டிடிஎன் என்ற சேர்மத்தின் வேலை.

கேள்வி: ஐரோப்பிய லேபிளில் திராட்சையின் பெயரே இல்லையே, எப்படி ஜோடி சேர்ப்பது?

பதில்: ஊர்ப்பெயரே ரகத்தைச் சொல்லிவிடும். ஷாப்ளி என்றால் ஷார்டனே, வெள்ளை சான்செர் என்றால் சோவினியோன் பிளாங்க், சிவப்பு பர்கண்டி பெரும்பாலும் பினோ நுவார், இத்தாலியின் பரோலோ என்றால் நெபியோலோ, ஸ்பெயினின் சிவப்பு ரியோகா பெரும்பாலும் டெம்ப்ரனியோ. ரகத்தின் பெயர் இருந்தாலும் முழுக்க அதுவே என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85%, அமெரிக்காவில் பொதுவாக 75% இருந்தால் போதும்.

ரீஸ்லிங்கில் ஒரு பொறி உண்டு. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் பெரும்பாலும் இனிப்பற்றது. அதற்கு ஜோடியாக மோசலின் கபினெட் வகை இனிப்பான ரீஸ்லிங்கை வைத்தால் சர்க்கரையைத்தான் ஒப்பிடுவீர்கள். லேபிளில் ட்ரோக்கன் (இனிப்பற்றது என்பதற்கு ஜெர்மன் சொல்) என்று இருப்பதை எடுங்கள். நுரைக்கும் ஒயினில் எக்ஸ்ட்ரா ட்ரை என்பது ப்ரூட்டைவிட இனிப்பானது. ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம்.

கேள்வி: காற்றுப் படுவதற்காக டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைக்க வேண்டுமா?

பதில்: செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் செய்யுங்கள். இளமையான, துவர்ப்பு மிகுந்த சிவப்புக்கு 30 முதல் 60 நிமிடம். வண்டல் உள்ள பழைய பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, குடிக்கும் நேரத்தில் மெதுவாக ஊற்றினால் போதும். அதற்கு நீண்ட காற்றோட்டம் ஆகாது, இருக்கும் கொஞ்ச மணமும் பறந்துவிடும்.

கேள்வி: மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்? அடுத்த வாரம் வேறு ஊர் ஒயினோடு ஒப்பிடலாமா?

பதில்: 375 மி.லி. அரை பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துத் தயாராக வைத்திருங்கள். திறந்த உடனேயே, சுவைக்கத் தொடங்கும் முன், பாதியை அதில் விளிம்பு வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்போது சுற்றுக்கு ஆளுக்கு 25 மி.லி. ஊற்றினால் மீதி இரண்டு சுற்றுக்கும் வரும். உள்ளே காற்றுக்கு இடமில்லாததால் ஒரு வாரம் வரை நன்றாக இருக்கும். பாதி காலியான பாட்டிலை மூடி வைத்தால் வெள்ளையோ சிவப்போ மூன்று நான்கு நாள்தான், அதுவும் ஃபிரிட்ஜில். சிவப்பையும் உள்ளேதான் வைக்க வேண்டும், குளிரில் ஆக்சிஜனேற்றம் மெதுவாகும். நுரைக்கும் ஒயினுக்கு அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் ஒன்றிரண்டு நாள். கழுத்தில் ஸ்பூனைத் தொங்கவிடுவதால் எந்தப் பயனும் இல்லை. ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டிய ஒயின்களில் ஃபினோ ஷெர்ரி ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டியது. ரூபி போர்ட் இரண்டு மூன்று வாரம் தாங்கும். மடீராவைச் செய்யும்போதே சூட்டிலும் காற்றிலும் பழக்கிவிடுவதால் திறந்து பல மாதம் ஆனாலும் பெரிதாக மாறாது.

அடுத்த வாரம் ஒப்பிடுவதானால், விளிம்பு வரை நிரப்பிய அரை பாட்டிலை மட்டும் எடுங்கள். புதிய பாட்டிலிலிருந்தும் 375 மி.லி.யை முந்தைய நாளே இதேபோல் மாற்றி வைத்துவிட்டால், ஊற்றும்போது பட்ட காற்று இரண்டுக்கும் ஒன்றாகிவிடும்.